கன்றிப்போன கையும் மூன்று மாத லாக்ராஸ் பயிற்சியும்

பையனுடைய இடது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. குளித்துவிட்டுத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நழுவப் பார்த்தவனை இழுத்து நிறுத்தித்தான் பார்த்தேன். லாக்ராஸ் பயிற்சிக்குப் போக ஆரம்பித்து அது இரண்டாவது வாரம். ராத்திரி ஒன்பது மணி என்றும் பார்க்காமல் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, என் பையனை ஒருத்தன் மட்டையால அடிச்சிருக்கான். நீங்க அங்கதானே நின்னீங்க?"

"பார்த்தேன் ஆச்சி. அது சரியான அடிதான். ஃபவுல் கிடையாது."

"அடியில சரியான அடி, தப்பான அடின்னு வேற இருக்கா?"

"இருக்கு ஆச்சி. ஞாயித்துக்கிழமை காலையில கிரவுண்டுக்கு வாங்க, நேர்லயே காட்டுறேன். வரும்போது கோலப்பொடி ஒரு டப்பா எடுத்துட்டு வாங்க."

சண்டை போடப் போன் எடுத்தவளிடம் கோலப்பொடி கேட்கிறாரே என்று எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மாதமாக இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் பலகாரம் வாங்க வருகிறவர்கள், "அந்த வலைக்கம்பு விளையாட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கதை சொன்னால் அடுப்பில் எண்ணெய் புகைந்துவிடுகிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். முகாமின் பெயரைப் போடவில்லை. சில இடங்களில் காட்டமாகச் சொல்லப்போகிறேன். நடத்துகிறவர் இப்போதுதான் ஊன்றி வருகிற பிள்ளை.

என்னைப் பற்றி ஒரு வரி. வீட்டிலேயே மணகோலம், தேன்குழல், அதிரசம், கைமுறுக்கு செய்து கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடியதோடு என் விளையாட்டு முடிந்தது. ஆனால் எதையும் தராசில் வைத்துப் பார்த்து, விரலால் தொட்டுப் பதம் பார்த்தே பழகிய கை. இந்த மதிப்புரையும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் நடைமுறை. சனி, ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை. மாதம் ஒரு பிள்ளைக்கு 1,200 ரூபாய்; அண்ணன், தங்கை இருவரும் சேர்ந்தால் 2,000. மட்டையும் ஹெல்மெட்டும் அவர்களே தருகிறார்கள். கிளவுஸ், மவுத் கார்டு நம் செலவு. இடம் காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு செம்மண் பொட்டல். ஓரத்தில் இரண்டு வேப்பமரம். முழு லாக்ராஸ் மைதானம் 110 கஜ நீளம், 60 கஜ அகலம் இருக்க வேண்டுமாம். இங்கே முக்கால்வாசி தேறும். விழுந்தால் முட்டி சிராய்க்கும். வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பினால் அது திரும்ப வெள்ளையாகாது.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு கம்பு, அதன் நுனியில் சின்ன வலைக்கூடை. அதில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், எறிய வேண்டும், பிடிக்க வேண்டும், ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் போட வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம் இது. அவர்களில் ஹோடனோசோனி மக்கள் இன்றைக்கும் தங்கள் பெயரிலேயே அணி அனுப்பி உலகப் போட்டியில் ஆடுகிறார்கள். 1867இல் மாண்ட்ரியலில் பீர்ஸ் என்ற பல் வைத்தியர் இதற்கு விதி எழுதினார். 1904, 1908 ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். 2023 அக்டோபரில் நம் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிதான் 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு மறுபடி சேர்த்தது. அங்கே ஆடப்போவது பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் சின்ன வடிவம். இங்கே சொல்லித் தருவது பத்துப் பேர் ஆடும் பெரிய ஆட்டம்.

பந்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி என் தராசில் வைத்தேன். 146 கிராம். கிரிக்கெட் பந்தைவிடப் பத்துப் பன்னிரண்டு கிராம் குறைவு, ஆனால் உள்ளே வெற்றிடமே இல்லாத கெட்டி ரப்பர். தரையில் போட்டால் என் மோவாய் உயரத்துக்கு எழும்பியது. நாடாவால் சுற்றளவு பார்த்தேன், 20 சென்டிமீட்டர். இந்த அளவு பிறகு ஒரு சண்டைக்கு உதவியது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பயிற்சியாளர் அமெரிக்காவில் மேரிலாந்தில் படித்தபோது கல்லூரியில் ஆடியவர். பையன்கள் எல்லோரையும் கருநீல டீ-ஷர்ட் போட்டு வரச் சொல்லியிருந்தார். என் கோலப்பொடி டப்பாவை வாங்கி, நான்கு பையன்களின் தோளிலும் மேல்கையிலும் ஈரத்துணியால் தொட்டுத் தொட்டுப் பூசினார். மட்டையின் கைப்பிடியிலும் பூசினார். பூசினவர்கள் மோத வேண்டும், பூசாதவர்கள் பந்தோடு ஓடி வர வேண்டும். மோதி முடித்ததும் பந்துக்காரனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆச்சி, வெள்ளை எங்க இருக்குன்னு சொல்லுங்க."

முதல் பையனுக்கு மார்பின் பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு. "கழுத்துக்குக் கீழ, இடுப்புக்கு மேல, முன்னாடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ. மோதினவனோட ரெண்டு கையும் மட்டையில. இது சரி." இரண்டாவது பையனுக்கு முதுகில், நம்பர் எழுதிய இடத்தில் வெள்ளை. தப்பு. மூன்றாமவனுக்குத் தொடையில். அதுவும் தப்பு, இடுப்பில் பட்டாலும் தப்பு, இடுப்புக்குக் கீழே பட்டாலும் தப்பு. நான்காமவனுக்கு மார்பில் குறுக்காக ஒரு கோடு, கோலத்தில் இழை இழுத்த மாதிரி மெல்லிசாக. இடம் சரியாகத்தானே இருக்கிறது என்று நான் "சரி" என்றேன். பையன்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அது கிராஸ் செக்காம். மட்டையை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்து, கைகளுக்கு நடுவில் இருக்கிற கம்பால் ஆளை இடித்தால் எந்த இடத்தில் பட்டாலும் ஃபவுல். தோளால் மோது, மேல்கையால் மோது, கையை மூடி முன்கையால் தாங்கித் தள்ளு. கம்பை உலக்கை மாதிரி ஆள் மேல் போடாதே. அதனால்தான் கைப்பிடியிலும் பொடி. அகலமான வெள்ளை என்றால் தோள், மெல்லிய கோடு என்றால் கம்பு. ரெஃப்ரி கண்ணுக்கு ஒரு நொடியில் ஓடிவிடுகிற விஷயத்தை டீ-ஷர்ட் அப்படியே பிடித்து வைத்திருந்தது. எத்தனையோ வருஷமாக வாசலில் போடுகிற பொடிக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதிலேயே ஒரு வழக்கும் வந்தது. முதுகில் வெள்ளை வாங்கியவனை மோதிய பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, நான் நெஞ்சுக்குத்தான் வந்தேன். இவன்தான் கடைசியில திரும்பிட்டான்." பயிற்சியாளர் இரண்டு பேரையும் மறுபடி மெதுவாகச் செய்து காட்டச் சொன்னார். அவன் சொன்னது உண்மை. விதியில் இதற்கும் இடம் இருக்கிறதாம்: சரியாகத் தொடங்கிய மோதலை, மோதப்படுகிறவன் திரும்பியோ குதித்தோ தப்பான மோதல் போல ஆக்கினால் மோதினவன் மேல் குற்றமில்லை. ஆகக் கோலப்பொடி சாட்சி மட்டும்தான், தீர்ப்பு ரெஃப்ரியுடையது. இதை அவர் பத்து நிமிஷம் எடுத்துப் பொறுமையாகச் சொன்னார். எனக்கு இந்த முகாம் மேல் நம்பிக்கை வந்தது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

எங்கே மோதலாம் என்பது பாதி. எப்போது மோதலாம் என்பது மீதி. பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் மேல் மோதலாம். பந்து தரையில் உருண்டுகொண்டிருந்தால் அதற்குப் பக்கத்தில் இருப்பவன் மேல் மோதலாம்; அமெரிக்கக் கல்லூரி விதிப்படி 5 கஜத்துக்குள். பதினைந்தடிக் கயிற்றை விரித்துக் காட்டினார். ஒரு புடவை நீளத்தைவிட இரண்டு முழம்போலக் குறைவு. அதற்கு வெளியே நிற்கிறவனைத் தொட்டால் தப்பு. பந்தை எறிந்து முடித்தவனை எறிந்த பிறகு போய் மோதினால் தப்பு. கீழே விழுந்து கிடப்பவன், முட்டி ஊன்றி இருப்பவன், அதாவது பாதம் தவிர உடம்பில் வேறு எதுவும் தரையில் படுகிறவன் மேல் மோதவே கூடாது. ஹெல்மெட்டை முன்னால் நீட்டிக்கொண்டு முட்டுவது எப்போதுமே கூடாது.

எங்கள் மாமனார், பிள்ளைகளின் ஐயா, ஒரு ஞாயிறு என்னோடு வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு வருஷம் தவறாமல் போகிறவர். எல்லாம் கேட்டுவிட்டு, "வாலையும் பிடிக்கக் கூடாது, கொம்பையும் பிடிக்கக் கூடாது, திமில் மட்டும்தான்கிற மாதிரி. இதுல என்ன புதுசா இருக்கு?" என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவுதான்.

இப்போது என் பையனின் கை. இந்த ஆட்டத்தில் மட்டையால் மட்டையைத் தட்டிப் பந்தை விழவைக்கலாம். மட்டையைப் பிடித்திருக்கிற கிளவுஸ் கையும் மட்டையாகவே கணக்கு. அதில் பட்டால் குற்றமில்லை. வேறு எங்காவது அடித்தால் ஸ்லாஷ் என்று பெயர். கண்மண் தெரியாமல் வீசினால், ஆள் மேல் படாவிட்டாலும் ஸ்லாஷ்தான். என் பையனுக்குப் பட்டிருந்தது முன்கையில். அப்படியென்றால் ஸ்லாஷ்தானே? நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவர் பையனைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஓடின மாதிரியே ஓடச் சொன்னார். ஓடினான். எதிராளியின் மட்டை வருகிறது என்றதும் தன் மட்டையைப் பின்னால் இழுத்து, இடது கையை முன்னால் கொண்டுவந்து குறுக்கே வைத்தான். தட்டு வாங்கியது அந்தக் கை. "பந்து வச்சிருக்கிறவன் மட்டையைக் காப்பாத்த உடம்பைக் குறுக்கே கொண்டுவந்து அதுல அடி பட்டா, தட்டினவன் மேல தப்பில்லை ஆச்சி. தலையும் கழுத்தும் மட்டும் விதிவிலக்கு. அங்க பட்டா எப்படி வந்தாலும் தப்பு." மட்டையைத் தட்ட வந்தவன் முன்னால் இவன்தான் கையை நீட்டியிருக்கிறான். என் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாப்பிடும்போது தங்கை அவன் தட்டில் கை வைக்க வந்தால் இதே கையைத்தான் இதே மாதிரிக் குறுக்கே வைப்பான். பிறவிப் பழக்கம்.

சரி, அடி சரி என்று ஒத்துக்கொண்டேன். அப்புறம் கேட்டேன்: "கையைக் குறுக்க வைக்கிறது சகஜம்னு உங்களுக்குத் தெரியும். அதுல அடி படும், அது ஃபவுலும் இல்லைன்னும் தெரியும். அப்ப ஆர்ம் பேட் எங்க தம்பி?"

பதில் இல்லை.

இதுதான் என் முதல் குறை, பெரிய குறையும் இதுதான். பதினாறு பையன்களுக்கு ஒன்பது ஜோடி ஆர்ம் பேட். முன்னால் வந்தவனுக்குக் கிடைக்கும், பிந்தி வந்தவன் வெறுங்கையோடு ஆடுவான். என் பையன் பிந்தி வந்தவன். அடியில் தப்பில்லை, ஆர்ம் பேட் இல்லாமல் இறக்கிவிட்டதில்தான் தப்பு. ஆண்கள் ஆட்டத்துக்கு ஹெல்மெட், முகக்கம்பி, தோள் பேட், ஆர்ம் பேட், கிளவுஸ், மவுத் கார்டு எல்லாம் கட்டாயம். கோல்கீப்பருக்குத்தான் கணக்கு வேறு. மோதலுக்கு இவ்வளவு விரிவாக விதி எழுதியிருக்கிறார்கள் என்றால், மோதப்படுகிறவன் இதையெல்லாம் போட்டிருக்கிறான் என்று நம்பித்தான். எண்ணெய் இல்லாத வாணலியை வைத்துக்கொண்டு முறுக்கு பதம் சரி என்று சொல்லி என்ன பயன்?

அவர் மழுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து பேட் இல்லாத பையன்கள் எறிவதும் பிடிப்பதும் மட்டும், மோதல் பயிற்சி கிடையாது என்று ஆக்கினார். மூன்றாவது மாதம் மீதி ஏழு ஜோடியும் வந்தது. நான் அதற்குள் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிட்டேன்.

இரண்டாவது குறை ஹெல்மெட். ஆரம்பத்தில் நான்கு பையன்களுக்குக் கிரிக்கெட் ஹெல்மெட்டைக் கொடுத்திருந்தார்கள். பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஆனால் கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 22 சென்டிமீட்டருக்கு மேல். இந்தப் பந்து 20. அந்த ஹெல்மெட்டில் ஒன்றை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே இந்தப் பந்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பாதிக்கு மேல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சுற்றி நின்ற மூன்று தாய்மார்களுக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. போதாததற்கு, அந்த ஹெல்மெட் பந்துக்குச் செய்தது. பக்கவாட்டில் தோள் வந்து இடிப்பதற்குச் செய்தது இல்லை. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். நாங்கள் கேட்டிருக்காவிட்டால் எடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

தோள் பேட் பற்றியும் ஒன்று கேட்டு வையுங்கள். நெஞ்சில், இதயம் துடிக்கிற ஒரு குறிப்பிட்ட கணத்தில் பந்து பட்டால் துடிப்பே குழம்பி நின்றுபோகலாம். அரிதுதான், ஆனால் நடக்கும். அதனால் அமெரிக்காவில் 2022இலிருந்து இதயப் பகுதிக்கென்று சோதித்து, நாக்சே என்கிற விளையாட்டுக் கவசத் தர அமைப்பின் முத்திரை போட்ட தோள் பேட்தான் போட வேண்டும். இங்கே கோல்கீப்பரின் மார்புக் கவசத்தில் அந்த முத்திரை இருந்தது. மற்றவை பழைய சரக்கு. மாற்றுகிறேன் என்றிருக்கிறார். இந்த வரியை எழுதுகிற இன்றுவரை மாற்றவில்லை.

தண்டனை முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. தப்பு செய்தவன் ஓரத்தில் கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளி மேல் போய் உட்கார வேண்டும். கிராஸ் செக், ஸ்லாஷ், கால் இடறிவிடுவது, தப்பான பாடி செக் (உடம்பால் மோதுவது) போன்ற பெரிய தப்புகளுக்கு ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம். அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். பொதுவாக எதிரணி கோல் போட்டுவிட்டால் எழுந்து வரலாம். தலையிலோ கழுத்திலோ அடித்தவன் கோல் விழுந்தாலும் முழு நேரமும் உட்கார வேண்டும். இப்படிப் பெரிய தப்பு ஐந்து சேர்ந்தால் அந்த ஆட்டம் அவனுக்கு முடிந்தது. பின்னாலிருந்து தள்ளுவது, பிடித்து இழுப்பது மாதிரி சின்னத் தப்புகளுக்கு அரை நிமிஷம், அல்லது பந்து எதிரணிக்கு. நேரம் பார்ப்பது என் சமையலறை டைமர். அதிரசப் பாகுக்கு வைத்திருந்ததை இரவல் கொடுத்தேன், இன்னும் திரும்பவில்லை.

என் பையன் அடிக்கடி மாட்டுவது சின்னத் தப்பில். வார்டிங் ஆஃப் என்கிறார்கள். ஒரு கையால் மட்டையைப் பிடித்து ஓடும்போது மற்றொரு கையால் எதிராளியின் மட்டையைத் தள்ளிவிடுவது. மேலே சொன்ன குறுக்குக் கைக்கும் இதற்கும் நூலிழைதான் வித்தியாசம். கை சும்மா குறுக்கே இருக்கலாம். அந்தக் கை அசைந்து தள்ளினால் தப்பு, பந்து போய்விடும். எது இருந்தது, எது தள்ளியது என்று பையன்கள் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வருகிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தரம் அதட்டிவிட்டார்.

இப்போது பெண்பிள்ளைகள். என் மகளுக்குப் பதிமூன்று வயது. அவளோடு சேர்த்து ஒன்பது பேர். பெண்கள் லாக்ராஸ் என்பது அதே பந்து, கிட்டத்தட்ட அதே மட்டை, ஆனால் வேறு சட்டம். பாடி செக் அறவே கிடையாது. மட்டையைத் தட்டலாம், அளவாகத் தட்ட வேண்டும், ஆள் மேல் பாயக் கூடாது. தலையைச் சுற்றி ஏழு அங்குலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருண்டை இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் யாருடைய மட்டையும் போகக் கூடாது. "தலையில இட்லிப் பானையைக் கவுத்துவச்ச மாதிரி நினைச்சுக்கோங்க" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது பயிற்சியாளரே "பானை, பானை!" என்றுதான் கத்துகிறார்.

இன்னொரு விதி எனக்கு முதலில் தலைகீழாகப் பட்டது. கோல் அடிக்க ஒருத்தி குறிபார்த்து நிற்கும்போது, அவளுக்கும் கோலுக்கும் நடுவில், மட்டை எட்டும் தூரத்தில் எந்த எதிராளியையும் காவல் காக்காமல் சும்மா வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற தடுப்பாட்டக்காரி மேல்தான் ஃபவுல். பந்து பட்டால் காயப்படப்போவது அவள். அவளைக் காப்பாற்ற அவளுக்கே தண்டனை. சிந்தித்துப் பார்த்தால் நியாயம்தான். அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற பிள்ளையைத்தானே நாமும் அதட்டுகிறோம்.

இங்கேதான் மூன்றாவது குறை. முதல் வாரம் பயிற்சியாளர் வெளியூர் போயிருந்தபோது உதவிக்கு இருந்த பையன், ஆட்டத்துக்கு ஆள் பத்தவில்லை என்று பெண்பிள்ளைகளையும் பையன்களோடு கலந்து, பையன்கள் விதியிலேயே ஓடவிட்டிருக்கிறான். பெண்பிள்ளைகளுக்கு இருந்தது கண்ணுக்கு ஒரு கம்பிக் கண்ணாடியும் மவுத் கார்டும் மட்டும். அந்த உடையோடு மோதல் ஆட்டத்தில் இறக்கியது மன்னிக்க முடியாதது. ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தக் கொப்புடையம்மன் புண்ணியம். நல்லவேளை, அன்றைக்கே ஒரு பெண்ணின் தகப்பனார் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். இப்போது தனிக் குழு, தனி நேரம்.

என் மகளுக்கு இதில் ஒரு கோபம். "அண்ணன் மட்டும் மோதலாம், நான் மோதக் கூடாதா ஆத்தா?" என்றாள். அவள் கேட்பது மோதல் ஆசையால் இல்லை, அண்ணனுக்கு இருப்பது தனக்கு இல்லையே என்றுதான். பயிற்சியாளர் அவளிடம், பெண்கள் ஆட்டத்தில் மட்டை வித்தை கூடுதல், உடம்பை நம்பி ஒளிய முடியாது என்றார். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இறங்கவில்லை. மோதல் இல்லை என்பதால் கோல்கீப்பர் தவிர மற்றவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை, ஹெல்மெட் கொடுத்தால் ஆட்டம் முரடாகிவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு என்றார். மோதல் இல்லை, சரி. 146 கிராம் கெட்டி ரப்பருக்குப் பெண் தலை, ஆண் தலை தெரியுமா? அமெரிக்காவிலேயே ஃப்ளோரிடா மாநிலம் பள்ளிப் பெண்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. பெண்கள் ஆட்டத்துக்கென்றே வளைந்துகொடுக்கிற மெல்லிய தலைக்கவசம் விற்கிறது. என் மகளுக்கு அதை வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது. ஏழரைக்கு மேல் வெயில் ஏறுவதால் நான் மோர் கொண்டுபோகிறேன், நீங்களும் கொடுத்து அனுப்புங்கள். கழிப்பறை கிடையாது, பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் பெண்பிள்ளைகளுக்குப் பின்கட்டைத் திறந்துவிடுகிறார். எத்தனை நாளைக்கு அவர் புண்ணியத்தில் ஓட்டுவது? முதலுதவிப் பெட்டி இருக்கிறது, உள்ளே ஐஸ் பேக் இருக்கிறது, ஆனால் ஐஸ் இருக்காது. வாட்ஸ்அப்பில் பயிற்சி ரத்து என்று காலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி வரும். பதிமூன்று வயதுக்குக் கீழே உள்ள பையன்களுக்கு இங்கே மோதல் பயிற்சியே கிடையாது. அது சரியான முடிவு. ஏழு வயதுப் பேரனை அனுப்பலாமா என்று கேட்ட ஆயாவுக்கு: அனுப்பலாம், அவன் எறியவும் பிடிக்கவும் மட்டும்தான் படிப்பான்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் சொல்லித் தரும் விதத்துக்கு நாலரை, சாமானுக்கு இரண்டரை. பெண்பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம், தலைக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுத்து. பையன்களை அனுப்புகிறவர்கள் முதல் நாளே ஆர்ம் பேட்களை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு ஜோடி இல்லையென்றால் உட்கார வைத்துவிட்டு வாருங்கள், வெட்கப்பட வேண்டாம். அடுத்த மூன்று மாதத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் நான் பணம் கட்டிவிட்டேன்.

போன ஞாயிறு பையன் வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். கன்றல் எதுவும் இல்லை. முதுகைத் திருப்பச் சொன்னேன். நம்பர் மேல் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. "ஃபவுல் ஆத்தா. அவனுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தாங்க" என்றான். "நீ திரும்பினியா?" என்றேன். கொஞ்சம் நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "லேசா" என்றான்.

துவைக்கிறவர்களுக்கு ஒன்று: கோலப்பொடி கல்மாவு, தண்ணீரில் கரையாது. டீ-ஷர்ட்டை வாசலில் வைத்து நன்றாக உதறிவிட்டு ஊறவையுங்கள். அப்படியே மெஷினில் போட்டால் அடியில் போய்ப் படிந்துகொண்டு அடுத்த நடை துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு வேட்டி போய்விட்டது.